தலை காலியா கீதுடா

பகதூர் அண்ணாவின் ஊருக்கு நாங்கள் போனபோது அப்பாவின் பையில் ஒரு குட்டிச் செம்பு இருந்தது. என் பையில் ஒரு தொப்பி இருந்தது. செம்புக்குள் என்ன இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியாது. தொப்பி இருப்பதே யாருக்கும் தெரியாது.

அவர் யாரென்று முதலில் சொல்லிவிடுகிறேன். காட்டுப்பாக்கத்தில் இருபத்து நாலு வீடு உள்ள எங்கள் ஃப்ளாட்ஸுக்கு வாட்ச்மேன். நேபாளத்துக்காரர். முழுப்பெயர் தேக் பகதூர் ஆலே. அந்த 'ஆலே' எங்களுக்குத் தெரியவந்ததே அவர் செத்த பிறகு, சுடுகாட்டு ஆபீஸில் பெயர் கேட்டபோதுதான். பத்தொன்பது வருஷம் கேட் பக்கத்தில் நீல பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விடிகாலையில் மோட்டார் போடுவார், தண்ணி லாரிக்காரனோடு மல்லுக்கு நிற்பார், லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை இழுத்து வெளியே எடுப்பார். அவர்கள் மாட்டிக்கொண்டதற்குப் பெரும்பாலும் நான்தான் காரணம்.

எங்கள் ஃப்ளாட்ஸில் எல்லோரும் வெளியூர். அப்பா விழுப்புரம், எதிர்வீடு தூத்துக்குடி, மேல்வீடு ஈரோடு. அம்பத்தூரிலோ போரூரிலோ வேலை கிடைத்து வந்து ஒட்டிக்கொண்டவர்கள். அதனால் எங்கள் காம்பவுண்டுக்குள் அசல் மெட்ராஸ் பாஷை பேசியவர் பகதூர் அண்ணா ஒருத்தர்தான். டீக்கடையிலும் தண்ணி லாரியிலும் பிடித்தது. "இன்னா சார், ஊட்ல தண்ணி வர்தா?" என்று அவர் கேட்டால் அப்பா நெளிவார். அப்பா தட்சிணாமூர்த்தி, அசோசியேஷன் செக்ரட்டரி. எதற்கெடுத்தாலும் நெளிவார்.

அசோசியேஷன் அவருக்கு ஒரு யூனிஃபார்ம் தொப்பி வாங்கிக் கொடுத்தது. அதை மோட்டார் ரூமில் ஸ்விட்ச் பாக்ஸ் மேல் மாட்டிவிட்டு, தன் ஊர்த் தொப்பியையே போட்டுக்கொண்டு திரிந்தார். சிவப்பும் கறுப்புமாகக் கட்டம் கட்டமாக நெய்த துணி. ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்து நிற்கும். அவர் மனைவி தில்குமாரி அக்கா கையால் தைத்தது. எனக்கு அந்தத் தொப்பிதான் பொழுதுபோக்கு. மத்தியானத்தில் அவர் நாற்காலியிலேயே கண் அசருவார். நான் பூனை மாதிரி போய் அதை உருவிக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே ஒளிந்துகொள்வேன். ஐந்து நிமிஷத்தில் தலையைத் தடவிக்கொண்டு எழுந்திருப்பார்.

"டேய் நிர்மலு! தலை காலியா கீதுடா!"

நான் இல்லாத இடமாகப் பார்த்துத் தேடுவார். நான் இருக்கிற இடம் அவருக்கு முதலிலேயே தெரியும் என்பது எனக்குப் பத்தாவது படிக்கும்போதுதான் உறைத்தது. அப்பாவிடம் ஒருநாளும் போட்டுக் கொடுத்ததில்லை. பதிலுக்கு ஒருமுறை என் செருப்பைக் காணாமல் அடித்தார். மூன்று நாள் ஃப்ளாட்ஸ் முழுக்கத் தேடினேன். அவர் காலில்தான் கிடந்தது.

தில்குமாரி அக்காவும் மகள் மாயாவும் முதலில் இங்கேதான் இருந்தார்கள், மோட்டார் ரூமை ஒட்டிய ஒற்றை அறையில். அக்கா எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். மாயா என்னைவிட ஒரு வயசு சின்னவள். நாலாவது வரை இங்கேதான் ஸ்கூல். அவர்கள் ஊர் வீடு பூகம்பத்தில் விரிசல் விட்ட அதே வருஷம், டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்து எங்கள் பக்கமெல்லாம் மிதந்தது. பகதூர் அண்ணா இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு தோளில் என்னையும் மறு தோளில் மாயாவையும் வைத்துக்கொண்டு மெயின் ரோடு வரை நடந்தார். ஒவ்வோர் அடியையும் தடவித் தடவித்தான் வைத்தார். "எனுக்கு நீச்சல் தெர்யாது. ஆடாம குந்து" என்றார். என் வாழ்க்கையில் நான் ஆடாமல் உட்கார்ந்தது அன்று ஒருநாள்தான்.

மூன்று வருஷம் கழித்து வீட்டைச் சரிபண்ண அக்காவும் மாயாவும் ஊருக்குப் போனார்கள். அவர் மட்டும் நாற்காலியில் மிச்சம்.

அவர் ஊர் பண்டிபூர். மலை உச்சியில் இருக்கிறது. அதைப் பற்றி அவர் சொன்னதில் ஒன்றையும் நான் நம்பியதில்லை. கடைத்தெருவுக்குள் வண்டியே வராதாம். தெரு முழுக்கக் கல் பாவியிருக்குமாம். ஹாரன் சத்தமே கிடையாதாம். காலையில் பார்த்தால் பனிமலை வரிசையாகப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்குமாம். எவனும் வீட்டைப் பூட்ட மாட்டானாம்.

"அப்ப வாட்ச்மேனுக்கு அங்க இன்னா வேல?" என்று கேட்டேன்.

"அதான்டா இங்க கீறேன்" என்றார்.

போன மே மாசம் பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. எனக்கு ரெண்டு பேப்பர் போயிற்று. அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அப்பா நியூஸ் சேனலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்க யாருமில்லை. கீழே இறங்கினேன். அக்னி நட்சத்திர வெயில். பகதூர் அண்ணா நாற்காலியில் சாய்ந்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. தூங்கும்போது எப்போதும் அப்படித்தான். தொப்பியை உருவினேன். விரல் அவர் நெற்றியில் பட்டது. சூடாக இருந்தது. படிக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டு, அவர் கத்துவதற்காகக் காத்திருந்தேன்.

கத்தவில்லை. சரி, கிழவருக்கு இன்று நல்ல தூக்கம் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அலுத்துப்போய் மேலே வந்து படுத்தேன். ஐந்து மணிக்கு இரண்டாவது மாடி அம்மா மோட்டார் போடச் சொல்லக் கீழே போனாள். அவள் போட்ட சத்தத்தில்தான் எழுந்தேன்.

மாரடைப்பு என்றார் டாக்டர். மத்தியானம் ரெண்டு மணி சுமாருக்குப் போயிருக்கலாம் என்றார். நான் தொப்பியை எடுத்தது ரெண்டரை இருக்கும். ஒன்றரையாகவும் இருக்கலாம். மணி பார்த்துவிட்டா திருடுவார்கள்? நெற்றி சூடாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வெயிலில் கேட்டின் கம்பிகூடச் சூடாகத்தான் இருந்தது.

"தலையில ஒண்ணுமில்லாம எப்படி அனுப்புறது, அந்தத் தொப்பி எங்கடா?" என்று அம்மா தேடினாள். நானும் கூடச் சேர்ந்து தேடினேன். அது என் கட்டிலுக்குக் கீழே, துணிக்கடைப் பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தால் எப்போது எடுத்தாய் என்று கேட்பார்கள்.

தில்குமாரி அக்காவுக்குப் போன் செய்தது அம்மாதான். அங்கிருந்து கிளம்பி வர மூன்று நாலு நாள் ஆகும். அக்கா அழுது முடித்துவிட்டு, "எரிச்சிடுங்க அக்கா. ஒரே ஒரு எலும்பு மட்டும் எடுத்து வைங்க" என்று சொன்னாளாம். அவர்கள் பக்கத்தில், இரண்டு ஆறு கூடுகிற தேவ்காட் என்ற இடத்தில் அந்த எலும்பை விட வேண்டும். அதுவரைக்கும் அவர் போய்ச் சேர்ந்ததாகக் கணக்கில்லை.

அம்மா அதை அப்பாவிடம் சொன்னாள். அப்பாவும் தலையாட்டினார். ஆனால் மறுநாள் மண்பானையில் அஸ்தியை வாங்கியதும், எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. நம் வழக்கத்தில் அஸ்தியை வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார்கள். இருபத்து நாலு வீட்டில் ஒருவரும் அதைக் கேட்டுக்கு உள்ளே விடச் சம்மதிக்கவில்லை. அவருடைய அறையிலும் முடியாது, அடுத்த வாட்ச்மேன் வந்து படுக்க வேண்டும். கூட வந்த ஐயர் மத்தியானத்துக்குள் கரைத்துவிட வேண்டும் என்று அவசரப்படுத்தினார். அப்பா தன் அப்பாவுக்குச் செய்த மாதிரியே செய்தார். கடலில் இறங்கிப் பானையோடு விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தார். நன்றாகச் செய்துவிட்டோம் என்ற திருப்தியில் வந்து குளிக்கவும் செய்தார். தலை துவட்டிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது.

"சார், எலும்பு எடுத்து வச்சிட்டீங்களா?"

"வச்சிருக்கேன்மா" என்றார் அப்பா. வாயில் வந்துவிட்டது. "அக்டோபர்ல முக்திநாத் யாத்திரை வர்றோம். நானே கொண்டுவந்து தரேன்."

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் அக்கா போன் செய்தாள். பத்திரமா இருக்கா சார்? இருக்கும்மா. சுடுகாட்டு ஆபீஸில் கொடுத்து வைத்திருப்பதாக அம்மாவிடம் சொல்லியிருந்தார்.

யாத்திரைக்குப் பன்னிரண்டு பேர். எல்லாரையும் கட்டி மேய்த்தது பூந்தமல்லி 'டூர்' நடேசன். கோரக்பூர் வரை ரயில், பிறகு வேன். என்னை எதற்குக் கூட்டிப் போனார்கள் என்றால், பெருமாளைப் பார்த்தாலாவது அந்த ரெண்டு பேப்பர் தேறும் என்று. முக்திநாத்தில் அம்மா நூற்றெட்டுக் குழாய்த் தண்ணீரிலும் நடுங்கிக்கொண்டே குளித்து, பகதூர் அண்ணாவுக்காகவும் ஒரு முறை தலையை நீட்டினாள்.

இறங்கிவந்து பொக்காராவில் தங்கியபோது முறுக்கு தேடி அப்பாவின் பையைக் குடைந்தேன். செம்பு அகப்பட்டது. வாயை மஞ்சள் துணியால் கட்டியிருந்தது. அவிழ்த்தேன். உள்ளே சாம்பல் மாதிரி ஏதோ. மூக்கில் வைத்தால் ஜவ்வாது வாசனை. பாக்கெட் விபூதி! அதற்குள் வெள்ளையாக நாலைந்து துண்டு. ஒன்றை எடுத்து ஊதிப் பார்த்தேன். உள்பக்கம் வரி வரியாக இருந்தது. கிளிஞ்சல்.

அப்பா குளித்துவிட்டு வந்து பார்த்துவிட்டார். திட்டவில்லை. கதவைச் சாத்தினார்.

"இருந்த மாதிரியே கட்டி வை."

"இது இன்னாப்பா?"

"அதே கடல்தான்டா. நான் கரைச்ச அதே எடத்துலதான் பொறுக்கினேன்."

"ஜவ்வாது அடிக்குதுப்பா. பகதூர் அண்ணா மேல பீடி நாத்தம்தான் அடிக்கும்."

அப்பா கட்டிலில் உட்கார்ந்தார். "அந்தம்மா அஞ்சு மாசமா காத்துக்கிட்டு இருக்காடா. வெறுங்கையோட போய் எப்படி நிக்கிறது? அம்மாகிட்ட வாயத் தொறக்காத."

எங்கள் வீட்டில் டகால்டி வேலை செய்வது நான் ஒருத்தன்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். என் பையில் இருப்பதை அப்போதே சொல்லியிருக்கலாம். செம்பைக் கட்டி வைத்துவிட்டு முறுக்கைத் தின்றேன்.

மறுநாள் காட்மாண்டு போகிற வழியில், கீழே நெடுஞ்சாலையிலிருந்து வேன் மலைமேல் திரும்பியது. "ரெண்டு மணி நேரம்தான் சார்" என்றார் நடேசன். "அதுக்கு மேல போனா பசுபதிநாதர் நடை சாத்திருவாரு." மற்றவர்கள் எல்லாரும் ஒரு வாட்ச்மேன் வீட்டுக்காகவா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

மேலே ஏறியதும் வேனை ஓரிடத்தில் நிறுத்திவிட்டார்கள். அதற்கு மேல் வண்டி போகாதாம். எனக்குச் சுருக்கென்றது. தெரு முழுக்கக் கறுப்புக் கல் பாவியிருந்தது. இரண்டு பக்கமும் செங்கல் வீடுகள், உயரமாக, மரத்தில் பூவேலை செய்த ஜன்னல்களோடு. ஒரு காலத்தில் பெரிய வியாபாரிகள் இருந்த ஊராம். ரோடு கீழே போனதும் வியாபாரமும் ஆட்களும் இறங்கிப் போய்விட்டார்கள். ஜன்னல்கள் மட்டும் இருக்கின்றன. ஒரு நாய் நடுத்தெருவில், எந்த ஹாரனுக்கும் எழுந்து பழக்கமில்லாத மாதிரி படுத்திருந்தது. தெரு முடிகிற இடத்தில், வானத்தில் பாதியை மறைத்துக்கொண்டு பனிமலை. வரிசையாக, பல்லு பல்லாக.

அந்த மனுஷன் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

"டேய் நிர்மலு! இன்னாடா, பனமரம் மாதிரி வளந்து கீற?"

இமயமலையில் வைத்து என்னை யாரோ காட்டுப்பாக்கத்துப் பாஷையில் கூப்பிடுகிறார்கள். மாயாதான். ஏழு வருஷமாகிவிட்டது. தன் அப்பாவிடம் தினமும் போனில் தமிழிலேயே பேசுவாளாம். பக்கத்தில் இருப்பவர்களுக்குப் புரியாது என்பதில் ரெண்டு பேருக்கும் ஒரு குஷி. மே மாசத்துக்குப் பிறகு பேச ஆளில்லை. வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள். மூலைக்கடை பரோட்டா இன்னும் கீதா, தண்ணி லாரி மணி அண்ணன் இன்னா பண்றாரு, லிஃப்ட் இன்னும் நடுவுல நிக்கிதா.

"இப்ப நிக்கிறதில்ல" என்றேன். மே மாசத்திலிருந்து நான் லிஃப்டைத் தொடவில்லை.

கடைத்தெருவைத் தாண்டி, படி இறங்கிப் பத்து நிமிஷம். பாதி பழைய கல்லும் பாதி புதுத் தகரமுமான வீடு. கதவில் பூட்டு மாட்ட வளையமே இல்லை. தில்குமாரி அக்கா வெள்ளைச் சேலையில் நின்றாள். அம்மாவைப் பார்த்ததும் "அக்கா" என்று வந்து கட்டிக்கொண்டாள்.

வாசலில் சாணம் மெழுகி, ஒரு பலகையில் இலை போட்டு, சாமந்திப்பூ வைத்து இடம் தயாராக இருந்தது. மறுநாள் காலையில் மச்சினனோடு தேவ்காட் போக வண்டி சொல்லியிருந்தாள். அப்பா பையைத் திறந்தார். செம்பை எடுத்து ரெண்டு கையாலும் நீட்டினார்.

"அவிழ்க்கக் கூடாதும்மா. அப்படியே ஆத்துல விட்டுடணும்" என்றார். அவர் அக்காவின் முகத்தைப் பார்க்காததை அம்மா துக்கம் என்று நினைத்தாள்.

அக்கா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம் மாயாவிடம் கொடுத்தாள். மாயா அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு நேரம் வாயாடியவள் மெதுவாக, "அப்பா இன்னாடா இவ்ளோ லேசா ஆயிட்டாரு" என்றாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். அங்கே அந்தப் பாஷை தெரிந்தவன் நான்தானே.

"மாயா, அது உங்க அப்பா இல்ல."

"நிர்மல்!" என்றார் அப்பா. அடிப்பதற்கு முன்னால் மட்டும்தான் என் பெயரை அப்படி முழுசாகச் சொல்வார். ஆனால் அடிக்கவில்லை.

"கிளிஞ்சலும் விபூதியும். எலும்பு எல்லாத்தையும் கடல்ல விட்டாச்சு. உள்ள வைக்க யாரும் எடம் குடுக்கல." ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். நிறுத்தினால் அடுத்தது வராது என்று தெரியும். துணிக்கடைப் பையை எடுத்துத் தொப்பியை வெளியே எடுத்தேன். "இதுதான் அவரு. நான்தான் எடுத்தேன். அன்னிக்கு, தலையில இருந்து."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். "மன்னிச்சிடும்மா" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

அக்கா மாயாவின் கையிலிருந்து செம்பை வாங்கித் தரையில் வைத்தாள். "எல்லாமே கடல்லயா?" என்று கேட்டாள். அப்பா தலையாட்டினார்.

"அப்பாவுக்குத் தண்ணின்னா பயம்" என்றாள் மாயா. "பீச்சுக்குக் கூட்டிகினு போனாகூட கால நனைக்க மாட்டாரு."



அக்கா தொப்பியை வாங்கினாள். முகர்ந்து பார்த்தாள். பிறகு உள்பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். லைனிங் துணியில் முடி ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றாக நகத்தால் கிள்ளியெடுத்து இலையில் வைத்தாள். ஏழு முடி. ஒவ்வொன்றும் பாதி கறுப்பு, பாதி வெள்ளை.

"மை பூசினாரா?"

"சாஷே டை அக்கா. மாசத்துக்கு ஒரு தபா. மோட்டார் ரூம் பின்னாடி குழாய்ல" என்றேன். "வாட்ச்மேனுக்கு வயசாயிடுச்சு, ஏஜென்சிக்கு மாத்தலாம்னு மீட்டிங்ல பேசினாங்க. அப்போலருந்து."

அந்த மீட்டிங்கை நடத்தியவர் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"கெழவன்" என்று அக்கா சிரித்தாள். "எனக்கு போட்டோ அனுப்பும்போது எல்லாம் கறுப்பா இருக்கும். நான் மட்டும்தான் கெழவி ஆயிட்டேன்னு நெனச்சேன்." சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அழுகை நின்ற பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"நீ எடுக்கும்போது தூங்கிக்கினு இருந்தாரா?"

"தெரியல அக்கா."

"தொட்டியா?"

"நெத்தியில வெரல் பட்டுச்சு."

"சூடா இருந்துச்சா?"

"சூடாதான் இருந்துச்சு."

"அப்ப தூங்கிக்கினுதான் இருந்தாரு" என்றாள். "அப்ப நீ வந்தது அவருக்குத் தெரிஞ்சிருக்கும்."

கேட்டின் கம்பியும் சூடாக இருந்ததை நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்னவோ. அப்பாவைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். அந்தச் செம்பு எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் தரையில் இருந்தது.

அக்கா அந்த ஏழு முடியையும் இலையில் மடித்து நூல் சுற்றி, பலகையில் பூ நடுவில் வைத்தாள். நாளைக்கு ஆற்றுக்குப் போவது அதுதான். கடல் இல்லை, ஆறு. கரையிலிருந்தே விட்டுவிடலாம் என்று மாயா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எங்களுக்கு டீ கொடுத்தார்கள். நடேசன் மூன்று முறை போன் செய்தார். அப்பா எடுக்கவில்லை.

கிளம்பும்போது அக்கா தொப்பியை ஒரு முறை உதறி, கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் மாட்டினாள். சாய்ந்துதான் நின்றது. அம்மாவும் அப்பாவும் படியேற ஆரம்பித்துவிட்டார்கள். நான் வாசலில் கொஞ்சம் நின்றேன். தில்குமாரி அக்கா உள்ளே அடுப்படியில் இருந்தாள். மாயா முதுகைக் காட்டிக்கொண்டு டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். வீட்டில் பூட்டு கிடையாது. ஆணியும் எட்டுகிற உயரத்தில்தான் இருந்தது.

தொப்பி ஆணியிலேயே இருக்க, கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு படியேறினேன்.